மின்னுவது விண்மீன் அல்ல

இரவு வானத்தை நாம் அண்ணாந்து பார்க்கும்போது விண்மீன்கள் கண்சிமிட்டுகின்றன. உண்மையில் சிமிட்டுவது அவை அல்ல. பல ஆண்டுகள் நேராகப் பயணம் செய்து வந்த ஒளி, பூமியைச் சூழ்ந்துள்ள காற்றுக்குள் நுழைந்ததும் தடுமாறுகிறது. சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் கலந்து புரள்வதால் அதன் பாதை இடைவிடாமல் கோணுகிறது.

நமக்கு அழகாகத் தோன்றும் இது, பிற விண்மீன்களைச் சுற்றும் கோள்களைத் தேடுவோருக்குப் பெருந்தடை. நமது கதிரவன் வியாழன் கோளைவிட ஏறத்தாழ 100 கோடி மடங்கு ஒளிமிக்கது. வேறொரு கதிரவனின் அருகே ஒரு கோளைத் தேடுவது, எதிரே வரும் லாரியின் முகப்பு விளக்கை ஒட்டி ஓர் ஊதுபத்தியின் கனலைத் தேடுவது போன்றது. காற்று அந்த விளக்கொளியை இன்னும் சிதறடித்து, கனலை மூடிவிடுகிறது.

இதற்கான வழியை அமெரிக்க வானியலாளர் ஹோரஸ் பாப்காக் 1953ஆம் ஆண்டிலேயே முன்வைத்தார். விண்மீனின் ஒளி எவ்வளவு கோணியுள்ளது என்பதை ஒரு கருவி அளக்கிறது. கணினி உடனே கணக்கிடுகிறது. மெல்லிய கண்ணாடி ஒன்றை அதன் பின்புறமுள்ள நூற்றுக்கணக்கான சிறு உந்திகள் எதிர்த்திசையில் வளைக்கின்றன. ஒரு நொடியில் பல நூறு முறை இவ்வாறு நடக்கிறது. கோணிய ஒளி நேராகிறது. இதற்குத் தகவமைவு ஒளியியல் என்று பெயர். பாப்காக்கின் காலத்தில் இவ்வளவு வேகமான கணினிகள் இல்லை. எனவே அவருடைய எண்ணம் செயல்வடிவம் பெறப் பல ஆண்டுகள் காத்திருந்தது.

2008ஆம் ஆண்டு நவம்பரில் அதன் பலனை உலகம் கண்டது. ஹவாய்த் தீவின் மௌனா கியா மலையிலுள்ள கெக், ஜெமினி தொலைநோக்கிகள் வழியாக, கிறிஸ்டியன் மரோவா தலைமையிலான குழுவினர் எச்.ஆர். 8799 என்ற விண்மீனைச் சுற்றும் மூன்று கோள்களைப் படம் பிடித்தனர். அது ஏறத்தாழ 130 ஒளியாண்டுகளுக்கு அப்பால் உள்ளது. 2010இல் நான்காவது கோளும் தெரிந்தது. இவை வியாழனைவிடப் பெரியவை. பிறந்து அதிகக் காலம் ஆகாததால் இன்னும் தணலாய் இருப்பவை. எனவேதான் அகச்சிவப்பு ஒளியில் புலப்பட்டன.

நம் பூமியைப் போன்ற சிறிய, குளிர்ந்த கோளை இவ்வாறு படம் பிடிக்க இன்னும் இயலவில்லை. சிலி நாட்டில் எழுப்பப்பட்டு வரும் 39 மீட்டர் தொலைநோக்கி அந்த நாளை நெருங்கிவரச் செய்யும் என்று வானியலாளர்கள் நம்புகின்றனர்.

காற்றை நிறுத்த எவராலும் இயலாது. அவர்கள் அதனோடு போராடவில்லை. இடையில் நேர்ந்த கோணலைப் பொறுமையாக அளந்தார்கள். வளைய வேண்டியது தங்கள் கண்ணாடியே என்று கண்டார்கள். தொலைவில் உள்ளவரைப் பற்றி நாம் முடிவு செய்யும் முன், இடையிலுள்ள காற்றையும் சற்று எண்ணிப் பார்ப்போமா?