நேர்முகத் தேர்வு முடிந்தபின் ஒரு கடிதம்



சரக்கு, விலை, வரி பற்றியே இந்தப் பக்கங்களில் நாம் அதிகம் பேசுகிறோம். இம்முறை, வேலை தேடும் நம் பிள்ளைகளுக்கும், நம்மிடம் வேலை கேட்டு வரும் பிள்ளைகளுக்கும் பயன்படும் ஒரு சிறிய விஷயத்தை எடுத்துக்கொள்கிறோம்.

சில மாதங்களுக்கு முன் ஒரு மாலை, நமது மண்டியில் வழக்கமாகச் சரக்கு எடுக்கும் சில்லறை மளிகைக் கடை நண்பர் வந்தார். சிட்டையைக்கூட நீட்டாமல் உட்கார்ந்துவிட்டார். அவர் மகள் பி.காம். முடித்தவர். கோவையில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவு வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போய்வந்திருந்தார். "தேர்வு நடத்தியவர்களுக்கு நன்றி சொல்லி ஒரு கடிதம் எழுது" என்று கல்லூரி ஆசிரியை சொல்லியிருக்கிறார். நண்பருக்கு அது பிடிக்கவில்லை.

"என்ன அண்ணாச்சி இது? வேலை கிடைச்ச பிறகு நன்றி சொன்னா சரி. கிடைக்கிறதுக்கு முன்னாலேயே சொன்னா காக்கா பிடிக்கிற மாதிரி இருக்காதா?" என்றார்.

கேள்வி நியாயமானதே. இது நம் ஊரில் பிறந்த பழக்கம் அல்ல. அமெரிக்காவில் நேர்முகத் தேர்வுக்குப் போய்வந்தவர், அன்றோ மறுநாளோ நன்றிக் கடிதம் அனுப்புவது நெடுநாள் வழக்கம். அங்குள்ள கல்லூரிகளே அதைச் சொல்லிக்கொடுக்கின்றன. முன்பு தபாலில் போனது, இப்போது பெரும்பாலும் மின்னஞ்சலில் போகிறது. பன்னாட்டு நிறுவனங்கள் இங்கு வந்தபின் நம் கல்லூரிகளிலும் இது பேசப்படுகிறது.

வியாபாரிக்குப் புதிதா?

யோசித்துப் பார்த்தால் வியாபாரிக்கு இது புதிதல்ல. மிளகாய் வாங்கக் குண்டூருக்குப் போகிறோம். சரக்கைப் பார்த்து, விலை பேசி ஊர் திரும்பியதும் முதல் வேலையாக என்ன செய்கிறோம்? "நேரில் பேசியபடி இன்ன தரம், இத்தனை மூட்டை, இன்ன விலை, இந்தத் தேதிக்குள் லாரியில் ஏற்றி அனுப்பவும்" என்று எழுதிப் போடுகிறோம். அன்று தபால் கார்டு, இன்று வாட்ஸ்அப். தங்களைச் சந்தித்ததில் மகிழ்ச்சி என்று அதில் ஒரு வரியும் இருக்கும். அதை யாரும் காக்கா பிடிப்பது என்று சொல்வதில்லை. பேசியதை உறுதி செய்வதும், பேச விட்டுப்போனதைச் சேர்ப்பதும்தான் அதன் நோக்கம். நேர்முகத் தேர்வுக்குப் பின் எழுதும் கடிதமும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

நமது அனுபவம் ஒன்று. 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்தது. அடுத்த ஆண்டு மண்டிக்கு ஒரு கணக்குப்பிள்ளை தேடினோம். மூன்று பேர் வந்தார்கள். "காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் கடைக்காரர் என்ன பில் போட வேண்டும்?" என்று மூவரையும் கேட்டோம். மூவருமே "டாக்ஸ் இன்வாய்ஸ்" என்றார்கள். அது தவறு. அந்தத் திட்டத்தில் இருப்பவர் வாங்குபவரிடம் வரி வசூலிக்கக் கூடாது. 'பில் ஆஃப் சப்ளை'தான் போட வேண்டும்.

மறுநாள் காலை மூவரில் ஓர் இளைஞரிடமிருந்து நாலு வரிக் கடிதம் வந்தது. நேரம் ஒதுக்கியதற்கு நன்றி சொல்லிவிட்டு, தாம் சொன்ன பதில் தவறு என்று ஒப்புக்கொண்டு, சரியான பதிலை எழுதியிருந்தார். அவரையே வேலைக்கு எடுத்தோம். நன்றி சொன்னதற்காக அல்ல. கணக்கில் பிழை நேர்ந்தால் மூடி மறைக்காமல் சொல்வார் என்பது அந்தக் கடிதத்தில் தெரிந்தது. பேரேட்டை ஒப்படைக்கும்போது நாம் பார்ப்பது அதைத்தானே?

எழுத வேண்டிய முறை

நண்பரிடம் இதைச் சொன்னதும் அவர் ஒரு விஷயத்தை வெளியிட்டார். இரண்டு ஆண்டுகளாகக் கடையின் இருப்புக் கணக்கையும் பற்று வரவையும் எழுதி வருபவர் அந்த மகள்தான். ஆனால், முன்அனுபவம் உண்டா என்று கேட்டபோது, மளிகைக் கடை வேலையைச் சொல்லக் கூச்சப்பட்டு "இல்லை" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். "என் கடையைச் சொல்ல அவளுக்கு வெட்கமாப் போச்சு அண்ணாச்சி" என்றபோது அவர் குரல் தழுதழுத்தது.

"அப்படியானால் கடிதத்தில் எழுத வேண்டியதே அதுதான்" என்றோம். மறுநாள் காலை மகளையும் அழைத்து வந்தார். மூவருமாக உட்கார்ந்து எழுதினோம்:

"மதிப்பிற்குரிய ஐயா, நேற்று முன்தினம் கணக்கர் பணிக்கான நேர்முகத் தேர்வில் என்னுடன் பேச நேரம் ஒதுக்கியமைக்கு நன்றி. கிடங்கு இருப்பையும் கணக்கு இருப்பையும் மாதந்தோறும் ஒத்துப் பார்க்க ஆள் தேவை என்று கூறினீர்கள். முன்அனுபவம் இல்லை என்று நான் சொன்னது சரியல்ல. என் தந்தையின் மளிகைக் கடையில் இரண்டு ஆண்டுகளாக இருப்புக் கணக்கை நானே எழுதி வருகிறேன். இப்பணியில் சேர விருப்பமாக உள்ளேன். மேலும் விவரம் தேவையானால் தெரிவிக்கவும்."

இவ்வளவுதான். கவனிக்க வேண்டியவை சில:

1. அன்றோ மறுநாளோ எழுதிவிட வேண்டும். முடிவெடுத்த பிறகு வரும் கடிதத்தால் பயனில்லை.

2. தேர்வில் பேசிய ஒரு விஷயத்தையாவது குறிப்பிட வேண்டும். எல்லோருக்கும் பொருந்தும் கடிதம் யாருக்கும் பொருந்தாது.

3. பெயர், பதவி, நிறுவனத்தின் பெயர் பிழையின்றி இருக்க வேண்டும்.

4. புகழ்ச்சி வேண்டாம், குடும்பக் கஷ்டம் வேண்டாம், அன்பளிப்பு வேண்டவே வேண்டாம்.

5. ஒருமுறை எழுதினால் போதும். தினம் ஒரு போன் போட்டால் இருக்கும் நல்ல பெயரும் போய்விடும்.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று. அரசுப் பணிகளுக்கு இந்த வழக்கம் உதவாது. எந்த வகையில் சிபாரிசு தேடினாலும் தகுதி இழக்க நேரும் என்ற நிபந்தனை அரசு வேலை விளம்பரங்களில் வழக்கமாக இருக்கும். தேர்வாளருக்குத் தனியே கடிதம் எழுதி வீண் சந்தேகத்துக்கு இடம் கொடுக்கக் கூடாது. மேலும், மத்திய அரசின் குரூப் சி பணிகளுக்கும், கெஜட்டில் சேராத குரூப் பி பணிகளுக்கும் 2016 ஜனவரி 1 முதல் நேர்முகத் தேர்வே நீக்கப்பட்டுவிட்டது.

நம் கடமை

அந்தப் பெண்ணுக்கு வேலை கிடைத்ததா என்று கேட்பீர்கள். அந்த நிறுவனத்திலிருந்து ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு வார்த்தை வரவில்லை. ஒரு மாதம் காத்திருந்தார்கள். "இல்லைன்னாவது சொல்லியிருக்கலாமே" என்று நண்பர் வருந்தினார். சற்றுப் பொறுத்து அவரே, "போன வருஷம் என் கடைக்கு வேலை கேட்டு ரெண்டு பையன்கள் வந்தாங்க. சொல்லி அனுப்புறேன்னு சொன்னேன். இன்னைக்கு வரைக்கும் சொல்லலை" என்றார்.

நாமும் தலைகுனிந்தோம். 2018ல் வந்த மூவரில் மற்ற இருவருக்கு நாமும் பதில் எழுதவில்லை. கொட்டேஷன் கேட்டு இரண்டு நாளில் பதில் வராவிட்டால் கோபப்படுகிற நாம், வேலை கேட்டு வந்த பிள்ளையை மாதக்கணக்கில் காக்க வைக்கிறோம். அந்தப் பிள்ளை நம் பதிலை நம்பி வேறு வேலையை விட்டிருக்கக்கூடும்.

ஆகவே அங்கத்தினர்களுக்கு நமது வேண்டுகோள் இது. உங்கள் பிள்ளைகள் தேர்வுக்குப் போய்வந்தால் கடிதம் எழுதச் சொல்லுங்கள். கடையில் பார்த்த வேலையைக் கூச்சப்படாமல் குறிப்பிடச் சொல்லுங்கள். உங்களிடம் வேலை கேட்டு வந்தவருக்கு இடம் இல்லையென்றால், அதையும் ஒரு வாரத்துக்குள் இரண்டு வரியில் எழுதி அனுப்புங்கள்.

நண்பரின் மகள் அடுத்த நேர்முகத் தேர்வுக்குத் தயாராகி வருகிறார். விண்ணப்பத்தில் முன்அனுபவம் என்ற இடத்தில் இப்போது தந்தையின் கடைப் பெயர் முதல் வரியில் இருக்கிறது.