பின்னால் ஓடுபவை – 9: இரண்டு வெற்றுக் கோப்புகள்

கணினியின் கடிகாரத்தை நம்பிக் கெட்ட சோதனைகளைச் சென்ற வாரம் பார்த்தோம். அதை மறுபடி விரிக்க இடமில்லை. இந்த வாரம் வைரஸ் தடுப்பு மென்பொருள் என்று சொல்லியிருந்தேன். ஆனால் உபுண்டு குறுக்கே வந்துவிட்டது. காலையில் பாஸ் ஆன தானியங்கிச் சோதனை, நிரலில் ஒரு வரிகூட மாறாமலே மாலையில் ஃபெயில் ஆகிறது. லாகைத் திறந்து பார்த்தால் சோதனை தொடங்கவே இல்லை. அதற்கு வேண்டிய பேக்கேஜை நிறுவப் போன ஆப்ட்-கெட், 'லாக்-ஃபிரன்ட்எண்ட்' என்ற பூட்டு கிடைக்காமல் பிழை எண் 100-ஐக் கொடுத்துவிட்டு வெளியேறியிருக்கிறது. பூட்டைப் பிடித்திருக்கும் புராசஸின் பெயரும் அங்கேயே இருக்கிறது: 'அன்அட்டெண்டட்-அப்கிர்'. லினக்ஸ் கெர்னல் ஒரு புராசஸின் பெயருக்கு 15 ஆங்கில எழுத்துக்கு மேல் இடம் தருவதில்லை என்பதால் வால் அறுந்துவிட்டது. முழுப் பெயர் அன்அட்டெண்டட்-அப்கிரேட். 2016-இல் வந்த உபுண்டு 16.04 முதல், யாரும் கேட்காமலே பாதுகாப்புத் திருத்தங்களை நிறுவிவரும் பின்னணி வேலை அது.

பலரும் உடனே செய்வது பூட்டுக் கோப்பை அழிப்பது. செய்யவே கூடாதது அதுதான். அந்தக் கோப்பின் அளவு 0 பைட். பூட்டு இருப்பது கெர்னலின் நினைவகத்தில், கோப்பின் ஐநோட் என்ற உள்பதிவோடு ஒட்டிக்கொண்டு. கோப்பை அழித்தால் பழைய புராசஸ் தன் ஐநோடைப் பிடித்தபடியே இருக்கும். அடுத்து வரும் ஆப்ட்-கெட் அதே பெயரில் புதுக் கோப்பை உண்டாக்கி அதைப் பூட்டிக்கொள்ளும். இரண்டும் தனக்கே உரிமை என்று நம்பி ஒரே பேக்கேஜ் பதிவேட்டில் கைவைக்கும். எந்த விபத்தைத் தடுக்கப் பூட்டு இருக்கிறதோ அதை நாமே கூப்பிட்டு வரவழைக்கிறோம். 60 வினாடி காத்திருக்கச் சொல்லும் ஸ்லீப் வரியும் உதவாது. ஏன் என்று புரிய, இந்த வேலையை எழுப்புவது யார் என்று பார்க்க வேண்டும்.

எழுப்புபவை இரண்டு சிஸ்டம்டி டைமர்கள். ஆப்ட்-டெய்லி காலையும் மாலையும் 6 மணிக்குப் பேக்கேஜ் பட்டியலைப் புதுப்பிக்கிறது. ஆப்ட்-டெய்லி-அப்கிரேட் காலை 6 மணிக்கு நிறுவுகிறது. உலகத்து உபுண்டு எல்லாம் ஒரே நிமிடத்தில் சர்வர்களை மொய்க்காதபடி முதலாவதற்கு 12 மணி நேரம் வரையும் இரண்டாவதற்கு 60 நிமிடம் வரையும் ராண்டமாகத் தாமதம் சேர்கிறது. சரி, சோதனைக்கென்றே பகல் 3 மணிக்குப் பிறந்த மெய்நிகர் இயந்திரத்தில் காலை 6 மணிக் காரியத்துக்கு என்ன வேலை? இந்த வாரம் என்னைப் பிடித்து வைத்துக்கொண்டது இதற்கான விடைதான். டைமரில் 'பெர்சிஸ்டண்ட்' என்றொரு வரி உண்டு: இயந்திரம் அணைந்திருந்தபோது தவறிய வேலையை எழுந்ததும் முடி என்பது அதன் கட்டளை. தவறியதா இல்லையா என்பதை அறிய, டைமருக்கு ஒன்றாக 'ஸ்டாம்ப்' என்று தொடங்கும் ஒரு கோப்பு இருக்கிறது. அதுவும் 0 பைட்! உள்ளே தேதியும் இல்லை, நேரமும் இல்லை; கோப்பு கடைசியாகத் தொடப்பட்ட நேரமே செய்தி. சோதனைக்கான இமேஜைத் தயாரிக்கும்போது இயந்திரம் ஒருமுறை பூட் ஆகிறது, அன்றைய நேரம் அந்தக் கோப்பில் பதிகிறது, அதோடு இமேஜ் உறைந்துவிடுகிறது. மூன்று வாரம் கழித்து அதிலிருந்து எழும் ஒவ்வொரு இயந்திரமும் அந்தப் பழைய நேரத்தைப் பார்த்து, வேலை பாக்கி இருக்கிறது என்று முடிவுகட்டுகிறது. இப்போதைய சிஸ்டம்டி பூட் ஆன கணத்திலிருந்து ராண்டம் தாமதத்தை எண்ணுகிறது. 60 நிமிடத்துக்குள் எந்த நொடியும் சமவாய்ப்பு. ஆகவே பூட் ஆனதும் தொடங்கி 20 நிமிடம் ஓடும் சோதனைத் தொகுப்பின் நடுவே அப்கிரேட் கிளம்ப மூன்றில் ஒரு வாய்ப்பு. ஒருநாள் பாஸ், ஒருநாள் ஃபெயில் என்ற ஊசலாட்டம் இங்கிருந்துதான் வருகிறது.

ஆகவே இமேஜைத் தயாரிக்கும்போதே இரண்டு டைமரையும் அவற்றின் சர்வீஸ்களையும் மாஸ்க் செய்துவிட வேண்டும் என்கிறேன். சோதனை ஸ்கிரிப்டில் டைமரை ஸ்டாப் செய்வது தாமதமான மருந்து. டைமர் நிற்கும், ஏற்கெனவே கிளம்பிய சர்வீஸ் ஓடிக்கொண்டே இருக்கும். பாதுகாப்புத் திருத்தத்தை அணைக்கலாமா என்ற கேள்வி நியாயமானது. பல மாதம் ஓடும் சர்வரில் அணைக்கவே கூடாது. சில நிமிடம் வாழ்ந்து அழியும் இயந்திரத்தில் திருத்தத்துக்கு உரிய இடம் இமேஜ்தான். அதை வாரந்தோறும் புதிதாகக் கட்டுங்கள். பூட்டுக்காகக் காத்திருக்கும் வசதி ஆப்ட்டிலேயே வந்துவிட்டதே என்றும் கேட்கலாம். வந்திருக்கிறது. ஆனால் பூட்டு வெளியே தெரியும் சேதம் மட்டுமே. சோதனையின் நடுவே போஸ்ட்கிரெஸ் பேக்கேஜ் புதுப்பிக்கப்பட்டால் டேட்டாபேஸ் சர்வர் ரீஸ்டார்ட் ஆகி இணைப்புகள் அறுந்துபோகும். அப்போது லாகில் பூட்டைப் பற்றி ஒரு சொல்லும் இருக்காது. ஃபெயில் ஆனால் மறுபடி ஓட்டிக்கொள்ளலாம் என்பவர்கள் கூகுள் 2016-இல் வெளியிட்ட கணக்கைப் பார்க்க வேண்டும்: அங்கே பாஸிலிருந்து ஃபெயிலுக்கு மாறிய நிகழ்வுகளில் சுமார் 84 சதவீதத்தில் இப்படி ஊசலாடும் சோதனை ஒன்று சம்பந்தப்பட்டிருந்தது. மறுபடி ஓட்டும் பழக்கம் ஊறிய அணியில் மீதி 16 சதவீதத்தை யார் நின்று பார்ப்பார்கள்?

வைரஸ் தடுப்பு அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போகிறது. சோதனை உண்டாக்கிய தற்காலிகக் கோப்பை விண்டோஸ் டிஃபெண்டர் திறந்து பார்க்கும் கணத்தில், சோதனையே அதை அழிக்கப் போனால் என்ன ஆகும் என்பதிலிருந்து தொடங்கலாம்.