விஷ மண்ணைச் சுத்தம் செய்யும் செலவு யாருடையது?

ராணிப்பேட்டை சிப்காட் பகுதியில் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் என்ற ஆலை சுமார் இருபது ஆண்டுகள் இயங்கியது. தோல் பதனிடத் தேவையான குரோம் உப்பு அங்கே தயாரானது. 1990களின் நடுவில் ஆலை மூடப்பட்டது. ஆனால் ஒன்றரை லட்சம் டன்னுக்கும் அதிகமான குரோமியக் கழிவு அந்த இடத்திலேயே விடப்பட்டது. மழை பெய்யும்போதெல்லாம் அது கரைந்து மண்ணிலும் நிலத்தடி நீரிலும் இறங்கியது. 2006இல் ஒரு சர்வதேச அமைப்பு வெளியிட்ட, உலகின் மிகவும் மாசடைந்த பத்து இடங்களின் பட்டியலில் ராணிப்பேட்டையும் இருந்தது.

குரோமியத்தில் பல வகை உண்டு. தோல் பதனிடப் பயன்படும் வகையின் தீங்கு ஒப்பீட்டளவில் குறைவு. ஆனால் அதைத் தயாரிக்கும்போது மிஞ்சும் கழிவில் ஹெக்ஸாவலன்ட் குரோமியம் இருக்கிறது. அது தண்ணீரில் எளிதில் கரைந்து மஞ்சள் நிறம் தரும். தோலில் புண்ணை உண்டாக்கும். நீண்ட காலம் உடலில் சேர்ந்தால் புற்றுநோய்க்கும் காரணமாகும். தண்ணீரைக் காய்ச்சினால் கிருமிதான் சாகும், குரோமியம் போகாது. இதை வீட்டில் சமைப்பவர்கள் அனைவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

இத்தனை கழிவை அகற்றி, மண்ணையும் நீரையும் சீராக்கப் பல கோடி ரூபாய் தேவை. அந்தப் பணம் மூன்று வழிகளில் வர முடியும்.

முதல் வழி, மாசுபடுத்தியவரே தருவது. வேலூர் மாவட்ட டேனரிகள் தொடர்பான வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, இந்தக் கொள்கையை நாட்டின் சட்டமாகவே உறுதி செய்தது. பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு கொடுத்தால் மட்டும் போதாது, கெட்டுப்போன மண்ணையும் நீரையும் சீராக்கும் செலவும் மாசுபடுத்தியவரைச் சேரும் என்றது. இன்று நாடெங்கும் எடுத்துக்காட்டப்படும் இந்தத் தீர்ப்பு நம் பாலாற்றங்கரை வழக்கில் பிறந்தது.

ஆனால் ஆலை மூடப்பட்டு, நிறுவனத்திடம் பணமும் இல்லை என்றால் யாரிடம் வசூலிப்பது? இந்தக் கேள்விக்கு அமெரிக்கா கண்ட விடைதான் இரண்டாம் வழி. அங்கே லவ் கேனால் என்ற இடத்தில் ரசாயனக் கழிவைப் புதைத்த நிலத்தின் மேல் வீடுகளும் பள்ளிக்கூடமும் கட்டப்பட்டு, மக்கள் ஊரைக் காலி செய்ய நேர்ந்தது. அதையடுத்து 1980இல் ‘சூப்பர்ஃபண்ட்’ சட்டம் வந்தது. பெட்ரோலிய, ரசாயன நிறுவனங்கள் அனைத்தின் மீதும் வரி விதித்து, கேட்பாரற்ற இடங்களைச் சுத்தம் செய்ய அந்தப் பணம் ஒதுக்கப்பட்டது. 1995இல் வரி காலாவதியானதும் பாரம் பொதுமக்களின் வரிப்பணத்தின் மீது விழுந்தது. கால் நூற்றாண்டுக்குப் பிறகே அந்த வரிகள் திரும்பக் கொண்டுவரப்பட்டன.

நம் நாட்டிலும் 2010இல் நிலக்கரிக்கு டன்னுக்கு 50 ரூபாய் கூடுதல் வரி விதித்துத் தூய எரிசக்தி நிதியம் அமைத்தார்கள். அந்த நிதியைக் கொண்டு விஷக் கழிவுக் கிடங்குகளைச் சீராக்கத் திட்ட அறிக்கை தயாரிக்கத் தேர்ந்தெடுத்த இடங்களில் ராணிப்பேட்டையும் ஒன்று. 2017இல் ஜிஎஸ்டி வந்ததும் அந்த வரிப்பணம் மாநிலங்களுக்கான இழப்பீட்டுக்குத் திருப்பிவிடப்பட்டது.

மூன்றாம் வழி, அரசே செலவழிப்பது. ‘யாரோ செய்த தவறுக்கு நம் வரிப்பணமா?’ என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் வழக்கு முடியட்டும், வசூல் ஆகட்டும் என்று அரசு காத்திருந்தால், அதுவரை அந்தத் தண்ணீரைக் குடிப்பது நம் பிள்ளைகள். வேலூர் வழக்கின் தொடர்ச்சியாக 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் இதற்கு வழி காட்டியது. பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு மாநில அரசு முதலில் இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு, பிறகு மாசுபடுத்தியவர்களிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும் என்றது. சேதம் சீராகும் வரை மாசுபடுத்தியவரின் பொறுப்பு தீராது என்றும் சொன்னது. சுத்தம் செய்யும் வேலைக்கும் இதே முறைதான் பொருத்தம். அரசுப் பணம் முந்த வேண்டும், வசூல் பின்தொடர வேண்டும். ஒருவர் மறைந்தால் சொத்தைப் பங்கிடும் முன் அவர் கடனை அடைப்பது நம் வழக்கம். மூடிய ஆலை விட்டுச்சென்ற விஷமும் அப்படிப்பட்ட கடன்தான்.

2025 ஜூலையில் மத்திய அரசு மாசடைந்த இடங்களுக்கெனத் தனி விதிகளை வெளியிட்டது. மாசடைந்ததாகச் சந்தேகிக்கப்படும் இடங்களை உள்ளாட்சி அமைப்போ மாவட்ட நிர்வாகமோ பட்டியலிட்டு, ஆறு மாதங்களுக்கு ஒருமுறை மாநில வாரியத்துக்கு அனுப்ப வேண்டும். வாரியம் குறித்த காலத்துக்குள் ஆய்வு செய்ய வேண்டும். பொறுப்பாளியைக் கண்டறிய முடியாத இடத்தில் செலவை மத்திய, மாநில அரசுகள் ஏற்கும். ஆனால் ஓர் இடத்தை எத்தனை ஆண்டுக்குள் சுத்தம் செய்து முடிக்க வேண்டும் என்ற கெடு அதில் இல்லை. அதனால்தான் மக்கள் விடாமல் கேட்க வேண்டியிருக்கிறது.

நாம் செய்யக்கூடியவை:

1. மூடிய ஆலைகளின் அருகில் குடியிருப்போர், கிணற்று நீரையும் போர் தண்ணீரையும் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்து, குரோமியம் உள்ளதா என்று குறிப்பிட்டுச் சோதிக்கச் சொல்லுங்கள். லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் அதைக் குடிக்கவோ சமைக்கவோ பயன்படுத்த வேண்டாம்.

2. அந்த அறிக்கையின் நகலுடன், திங்கட்கிழமை குறைதீர்ப்பு நாளில் ஆட்சியரிடம் மனுக் கொடுங்கள். இடத்தை மாசடைந்த இடங்களின் பட்டியலில் சேர்க்கும்படி கேளுங்கள். தனியாகப் போவதைவிட மஹல்லா சார்பாகவும், பக்கத்துத் தெருவின் மற்றச் சமுதாயத்தாரைச் சேர்த்துக்கொண்டும் போவது நல்லது. ஒரே நிலத்தடி நீரைத்தான் எல்லோரும் குடிக்கிறோம்.

3. எவ்வளவு நிதி ஒதுக்கப்பட்டது, எவ்வளவு செலவானது என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மாசு கட்டுப்பாட்டு வாரியத்திடம் கேட்கலாம். முப்பது நாளில் பதில் தர வேண்டும்.

4. விலை மலிவு என்று பழைய ஆலைப் பகுதியில் மனை வாங்கும் முன், அந்த நிலத்தில் முன்பு என்ன நடந்தது என்று விசாரியுங்கள்.

தோல் தொழிலால் அடுப்பெரியும் வீடுகள் நம்மில் ஏராளம். சுத்தம் செய்யக் கேட்பது அந்தத் தொழிலுக்கு எதிரானது அல்ல. தொழில் நிலைக்க வேண்டுமானால் அதைச் செய்பவர் வாழும் மண் நிலைக்க வேண்டும்.