துப்பாக்கிகளின் கதை – 14: தோட்டா மாறியது, எஃகும் மாறியது

ராணுவத் துப்பாக்கி ஒன்றை வேறு தோட்டாவுக்கு மாற்றுவதென்றால் குழலைக் கழற்றி வேறு குழல் பொருத்துவது என்றே பலரும் நினைக்கிறார்கள். குழல் மாற்றம் அதில் ஒரு பகுதிதான். தோட்டாவின் அடிப்பாகம் எப்படி இருக்கிறது, வெடிக்கும்போது எழும் அழுத்தத்தை எந்த இடம் தாங்குகிறது என்ற இரண்டுமே அந்த வேலை எளிதா கடினமா என்பதைத் தீர்மானிக்கின்றன. இந்தியாவின் இஷாப்பூர் 2ஏ துப்பாக்கி இதற்கு நல்ல உதாரணம்.

7.62×51 மி.மீ. தோட்டாவை நேட்டோ நாடுகள் 1954-ல் பொதுத் தோட்டாவாக ஏற்றன. பிரிட்டனும், பின்னர் இந்தியாவும் அதற்கேற்ற எஸ்.எல்.ஆர். துப்பாக்கிக்கு மாறின. ஆனால் இரு நாடுகளின் கிடங்குகளிலும் 'த்ரீ நாட் த்ரீ' என்று பட்டாளத்தாரும் போலீஸாரும் அழைக்கும் .303 லீ-என்ஃபீல்டுகள் குவிந்து கிடந்தன. ஒரே படைக்கு இரண்டு வகைத் தோட்டா என்றால் தயாரிப்பு, கிடங்கு, போக்குவரத்து எல்லாமே இரட்டை வேலை. போர்முனைக்குத் தவறான பெட்டி போய்ச் சேர்ந்தால் கையில் துப்பாக்கி இருந்தும் பயனில்லை.

.303 தோட்டா 1888-ல் பிறந்த பழைய பாணித் தோட்டா. அதன் அடியில் விளிம்பு ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். விட்டம் சுமார் 13.7 மி.மீ. குழலின் பின்பக்கத்தில் அந்த விளிம்பு முட்டி நிற்பதால்தான் தோட்டா சரியான ஆழத்தில் நிற்கிறது. 7.62 தோட்டாவில் வெளியே நீட்டும் விளிம்பு கிடையாது. அடிப்பாகம் 12 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. கூட்டின் தோள்பகுதிதான் அதை நிறுத்துகிறது. ஆகவே வெற்றுக்கூட்டைப் பிடித்து இழுக்கும் கொக்கி வேறாக வேண்டும், தோட்டாப் பெட்டியும் வேறாக வேண்டும். .303 தோட்டாக்களை அடுக்கும்போது மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் நிற்க வேண்டும். பின்னால் போய்விட்டால் மாட்டிக்கொள்ளும். அதற்காகவே அந்தப் பெட்டி சாய்வாகச் செய்யப்பட்டது. விளிம்பு இல்லாத தோட்டாவுக்குச் சதுரமான பெட்டியே பொருந்தும்.

பெயர்களை வைத்துக் கணக்குப் போட்டால் ஏமாற நேரும். .303-இன் குண்டு சுமார் 7.9 மி.மீ. தடிமன், 7.62-இன் குண்டு 7.8 மி.மீ.க்குச் சற்று அதிகம். பத்தில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இந்த வித்தியாசமே புதிய குழலைக் கட்டாயமாக்குகிறது.

இவற்றையெல்லாம்விடப் பெரிய சிக்கல் அழுத்தம். லீ-என்ஃபீல்டின் போல்ட் பின்பக்கத்தில்தான் பூட்டிக்கொள்கிறது. சுடும் ஒவ்வொரு முறையும் போல்ட் முழு நீளத்துக்கும் லேசாக அமுங்குகிறது. துப்பாக்கியின் உடல் லேசாக நீள்கிறது. .303-க்கு அது பிரச்சினை இல்லை. 7.62-இன் அழுத்தம் அதைவிட அதிகம்.

ஜெர்மானிய மவுசரில் நிலைமை வேறு. அதன் பூட்டு போல்ட்டின் முன்முனையில், தோட்டாவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அதன் பழைய 7.92 தோட்டாவின் அடிப்பாகமும் 7.62-இன் அடிப்பாகமும் ஏறத்தாழ ஒரே அளவு. அதனால் இஸ்ரேல் தன்னிடமிருந்த மவுசர்களுக்குப் புதிய குழல் பொருத்தியே 7.62-க்கு மாற்றிவிட்டது. பழைய தோட்டாவை யாரும் போட்டுவிடக் கூடாதென்று பின்கட்டையில் 7.62 என்ற எண்ணைப் பெரிதாகப் பொறித்தது.

பிரிட்டன் தன் நம்பர் 4 லீ-என்ஃபீல்டுகளை மாற்றிப் பார்த்தது. எல்8 என்ற அந்தத் துப்பாக்கியின் குறி எதிர்பார்த்த அளவு அமையவில்லை. பெரிய அளவில் மாற்றும் திட்டம் கைவிடப்பட்டது. கனமான குழல் பொருத்திய எல்42ஏ1 மட்டும் தொலைக்குறித் துப்பாக்கியாக 1970 முதல் பல ஆண்டுகள் படையில் இருந்தது. ஃபாக்லாந்து போரிலும் பயன்பட்டது.

இந்தியாவுக்கு 1962 சீனப் போர் அவசரத்தை உண்டாக்கியது. இமயமலையில் இந்தியச் சிப்பாய்கள் .303-ஐ வைத்துப் போரிட்டார்கள். போர் முடிந்ததும், கொல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளி நதிக்கரையில் உள்ள இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலை 7.62-க்கான லீ-என்ஃபீல்டை வடிவமைக்கத் தொடங்கியது. அங்கே .303 பல பத்தாண்டுகளாகத் தயாராகிவந்ததால் வார்ப்பும் இயந்திரமும் கைப்பழக்கமும் தயாராகவே இருந்தன.

பழைய துப்பாக்கிகளை எடுத்துக் குழல் மாற்றும் குறுக்குவழியில் இஷாப்பூர் இறங்கவில்லை. 1907-இன் மார்க் 3 வடிவத்தை வைத்துக்கொண்டு, உடலை மேம்பட்ட எஃகில் புதிதாகவே செய்தது. கொக்கி மாறியது, 12 தோட்டா கொள்ளும் சதுரப் பெட்டி வந்தது, பின்கட்டையின் அடித்தகடு எஸ்.எல்.ஆரிலிருந்து எடுக்கப்பட்டது. மரம் பிளக்காமலிருக்கத் தோட்டாப் பெட்டிக்கு முன்னால் குறுக்கே ஓடும் திருகாணி ஒன்று சேர்க்கப்பட்டது. முதலில் வந்த 2ஏ-வின் பின்குறியில் 2,000 வரை அளவு இருந்தது. 1965-ல் வந்த 2ஏ1-இல் அது 800 மீட்டராகக் குறைந்தது. தனி ஆள் 2,000-த்தில் குறி வைப்பது நடக்காத காரியம் என்பதால் இந்தத் திருத்தம் நியாயமானதே.

இதை 'மாற்றப்பட்ட .303' என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு. அது தவறு, இது 7.62-க்காகவே பிறந்த துப்பாக்கி. மேம்பட்ட எஃகுக்குச் செலவிட்ட அந்த முடிவுதான் இஷாப்பூரின் பொறியாளர்கள் செய்த மிகச் சரியான வேலை. தோள் அருகே வெடிக்கும் ஒரு பொருளில் சிக்கனம் பார்க்க இடமில்லை.

உண்மையாகவே மாற்றப்பட்ட லீ-என்ஃபீல்டுகளும் இந்தியாவில் உண்டு. அந்த வேலை ஆங்கிலேயர் காலத்திலேயே நடந்துவிட்டது. காவலர்களுக்கும் சிறைக் காவலுக்கும் .303 குழலின் உட்புரியை நீக்கி, .410 மஸ்கட்டாக்கினார்கள். தோட்டா .303 கூட்டை வைத்தே செய்யப்பட்டதால் போல்ட்டில் பெரிய மாற்றம் தேவைப்படவில்லை. பெட்டியை அடைத்து, ஒவ்வொன்றாகப் போட்டுச் சுடும்படி செய்தார்கள். துப்பாக்கியின் திறனைக் குறைப்பதே அந்த மாற்றத்தின் நோக்கம்.

மாற்றப்படாத .303 போலீஸாரிடம் நெடுங்காலம் நீடித்தது. உத்தரப் பிரதேச போலீஸார் அதற்கு விடைகொடுத்தது 2020 குடியரசு தின அணிவகுப்பில்தான்.