முள்ளுக்குள் ஈரம்

ஹஜ்ஜுக்குச் சென்று திரும்பிய பெரியவர்கள் சொல்லக் கேட்டும், வளைகுடா நாடுகளில் பணியாற்றும் பிள்ளைகள் அனுப்பும் படங்களைக் கண்டும், பாலைவனம் எப்படியிருக்கும் என்பதை நம் இல்லத்துச் சிறுவர்களும் அறிவார்கள். ஒட்டகத்தைப் பார்த்து இறைவனின் படைப்பாற்றலைச் சிந்திக்கப் பழகிய நாம், நம் ஊர் எல்லையில் நிற்கும் கள்ளிச் செடியைப் பார்த்துச் சிந்தித்திருக்கிறோமா?

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரத்திற்குச் செல்லும் சாலையில், ஏரிகளுக்கும் வயல்களுக்கும் இடையே பாறைக் குன்றுகளும் முட்புதர்களும் தென்படும். கடற்கரையை நெருங்கினால் மணல்மேடுகள். இது பாலைவனம் அன்று. மழை பெய்யும் பூமிதான். எனினும் வடகிழக்குப் பருவத்தில் கொட்டித் தீர்க்கும் மழைநீர் பாறையிலும் மணலிலும் தங்குவதில்லை. அதன்பின் மாதக்கணக்கில் வெயில்தான். அந்த வெயிலைத் தாங்கி நிற்பவற்றுள் தலையாயது கள்ளி.

கள்ளி என்று நாம் ஒரே பெயரால் அழைப்பவை உண்மையில் இரு வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை. கிள்ளினால் பால் வடியும் சதுரக்கள்ளி இம்மண்ணுக்கே உரியது. குறுந்தொகையின் பாலைத்திணைப் பாடல்களிலேயே கள்ளிக்காடு இடம்பெற்றிருக்கிறது. தட்டுத் தட்டாக வளரும் சப்பாத்திக்கள்ளியோ அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த விருந்தாளி. உறவே இல்லாத இவ்விரு செடிகளுக்கும் வறட்சி ஒரே பாடத்தைக் கற்பித்திருக்கிறது. தண்டே நீர்த்தொட்டி, தண்டே இலையின் வேலையையும் செய்கிறது. மேலே மெழுகு பூசியது போன்ற தோல். அதைக் காக்க முள்.

ஏனைய செடிகள் பகலில் நுண்துளைகளைத் திறந்து காற்றை வாங்குகின்றன. அப்போது அவற்றின் ஈரமும் ஆவியாகிப் போகிறது. கள்ளியோ பகலில் துளைகளை மூடிக்கொள்கிறது. குளிர்ந்த இரவில் திறந்து, கரியமில வாயுவை வாங்கி அமிலமாகச் சேமித்து, மறுநாள் வெயிலில் அதை உணவாக்குகிறது. பகலெல்லாம் வாய் மூடியிருந்து இரவில் திறக்கும் இச்செடியை நோன்பாளிக்கு ஒப்பிடத் தோன்றுகிறது.

சப்பாத்திக்கள்ளி இங்கு பெருகிய வரலாறு சுவையானது. மெக்சிகோவில் கள்ளியில் வாழும் ஒரு பூச்சியிலிருந்து விலையுயர்ந்த சிவப்புச் சாயம் எடுக்கப்பட்டது. அவ்வணிகம் ஸ்பெயினின் பிடியில் இருந்தது. அதற்குப் போட்டியாக, சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன், 1780-களின் இறுதியில் சைதாப்பேட்டைப் பகுதியில் கள்ளித் தோட்டம் அமைத்தார். 1795-இல் பிரேசிலிலிருந்து பூச்சியும் வந்தது. ஆனால் வந்தது தரமான சாயம் தரும் இனமன்று. சாயத் தொழில் நிலைக்கவில்லை, கள்ளி நிலைத்தது. வேலிக்கு நட்ட சப்பாத்திக்கள்ளி வகைகள் தென்னிந்தியாவெங்கும் காடாகப் பரவி நிலங்களை விழுங்கின. 1926-இல் இலங்கையிலிருந்து வேறொரு சாயப்பூச்சியைக் கொண்டுவந்து விட்ட பிறகே அந்தப் பெருங்காடுகள் சில ஆண்டுகளில் பட்டுப்போயின. இன்று நாம் காணும் புதர்கள் அவற்றின் மிச்சமே. வெட்டியும் எரித்தும் மனிதனால் வெல்ல முடியாத செடியை ஒரு சிறு பூச்சி வென்றது!

இம்முட்காட்டில் வாழும் உயிர்கள் பல. புதருக்குள் கௌதாரி பதுங்குகிறது. கீரியும் உடும்பும் இரை தேடுகின்றன. ஆடு மாடுகள் நெருங்க அஞ்சும் கள்ளியின் நடுவே மரக்கன்று தப்பி வளர்கிறது. தொண்டைத் தோலை விசிறி போல் விரித்துக் காட்டும் சிற்றோணான்கள் வெட்டவெளியில் ஓடுகின்றன. தமிழகத்தில் வாழும் அவ்வினங்களுள் ஒன்றுக்கு 2016-இல் அறிஞர்கள் ‘விசிறி’ என்னும் தமிழ்ச் சொல்லையே அறிவியற் பெயரில் சூட்டினர்.

சுருட்டைவிரியனும் இத்தகைய நிலத்தில்தான் வாழ்கிறது. அஞ்சும்போது செதில்களை உரசி, மரம் அறுப்பது போல் ஒலியெழுப்பும் இச்சிறு பாம்பின் நஞ்சு கொடியது. பாம்புக்கடியால் நம் நாட்டில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 58,000 பேர் இறப்பதாக 2020-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. அவ்வுயிர்களைக் காக்கும் மருந்துக்கு மூலப்பொருள் பாம்பின் நஞ்சே. மாமல்லபுரத்திற்கு வடக்கே, வடநெம்மேலியில், 1976-இல் தொடங்கப்பட்ட முதலைப் பண்ணையை அடுத்து, இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இயங்கிவருகிறது. ஒரு காலத்தில் தோலுக்காகப் பாம்பு பிடித்த இருளர் மக்கள், 1978-இல் அமைந்த இச்சங்கத்தின் மூலம் நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகியவற்றின் நஞ்சை எடுத்து, பாம்புகளை மீண்டும் காட்டில் விட்டுவிடுகிறார்கள். அந்நஞ்சைச் சிறிது சிறிதாகக் குதிரைக்குச் செலுத்தி, அதன் குருதியில் உருவாகும் எதிர்ப்பொருளைக் கொண்டு மருந்து செய்யப்படுகிறது. இப்பணியில் சிறந்த வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. எங்கோ ஒரு மருத்துவமனையில் நம் வீட்டுப் பிள்ளை உயிர் பிழைக்கிறதென்றால், அதில் இம்முட்காட்டுக்கும் பங்கிருக்கலாம்.

ஆனால் கிழக்குக் கடற்கரைச் சாலையின் இருமருங்கும் மணல்மேடுகள் மட்டமாக்கப்பட்டு மனைகளாகின்றன. ‘வெறும் தரிசு’ என்ற ஒரு சொல் போதும். ஒரு புதரும் அதிலுள்ள உயிர்களும் ஒரே நாளில் அழிந்துவிடும். வெயிலை வென்ற கள்ளிக்கு மண்வாரி இயந்திரத்தை வெல்லத் தெரியாது.

பெண்சிசுவின் வாயில் கள்ளிப்பாலை ஊற்றிய கொடுமையால், கள்ளி என்றாலே முகம் சுளிக்கிறோம். அது செடியின் குற்றமன்று. ஊற்றிய கையின் குற்றம். படைப்பில் வீண் என்று எதுவுமில்லை என்பதை நம்புகிறவர்கள் நாம். மனை வாங்கினால், எல்லையில் நிற்கும் சதுரக்கள்ளியை விட்டுவையுங்கள். பாம்பைக் கண்டால் அடிக்காமல் தீயணைப்புத் துறைக்கோ வனத்துறைக்கோ சொல்லுங்கள். கடித்துவிட்டால் கட்டுப் போடுவதிலும் கீறுவதிலும் பொழுதைக் கழிக்காமல் மருத்துவமனைக்கு விரையுங்கள்.

அடுத்த முறை மாமல்லபுரம் செல்லும்போது, கற்கோயில்களைக் காட்டிய பின், வழியோரக் கள்ளியையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். பொறுமை என்றால் என்னவென்று நாம் வாயால் சொல்வதைவிட, அது நின்று காட்டும்.