சாக மறுக்கும் செல் (தொடர் – 11)

கோவையில் எந்த மருந்துக்கடை வாசலில் நின்றாலும் இந்தக் குரல் கேட்கும்: "கேஸ் மாத்திரை ஒரு அட்டை குடுங்ணா." கணபதி லேத் பட்டறைக்காரரும் கேட்பார், திருப்பூர் பனியன் கம்பெனியில் நைட் ஷிப்ட் பார்க்கும் பெண்ணும் கேட்பார். மாத்திரை அமிலத்தை அடக்கும், எரிச்சல் நிற்கும். ஆனால் சில பேருக்கு அந்த எரிச்சலுக்கு அடியில் வேறொன்று வருஷக்கணக்காக வளர்ந்துகொண்டிருக்கும்.

இரைப்பையின் உள்சுவரில் மேலாக இருக்கும் செல்களுக்கு ஆயுள் சில நாட்கள்தான். முறை வந்ததும் அவை தாமாகச் செத்து உதிரும். செல்லின் இந்த ஒழுங்கான சாவை 1972-ல் கெர், வைலி, கர்ரி மூவரும் விவரித்து 'அப்போப்டோசிஸ்' என்று பெயரிட்டார்கள். நடத்துபவை புரதங்கள். டிஎன்ஏ பழுதானதை உணர்ந்து பி53 விழித்துக்கொள்ளும். பேக்ஸ் மைட்டோகாண்ட்ரியாவைத் துளைக்கும். அங்கிருந்து கசியும் சைட்டோகுரோம்-சி கிளப்பிவிட, காஸ்பேஸ்கள் செல்லை உள்ளிருந்தே நறுக்கும். இதற்கு முட்டுக்கட்டை போடும் புரதம் பிசிஎல்-2.

இந்த ஒழுங்கைக் குலைப்பதில் முதல் ஆள் ஹெலிகோபாக்டர் பைலோரி. 1982-ல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் மார்ஷலும் வாரனும் வளர்த்துக் காட்டிய கிருமி. 1994-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதைப் புற்றுநோய்க் காரணி என்றே அறிவித்தது. நம் நாட்டில் பெரியவர்களில் பாதிக்கு மேல் இதைச் சுமக்கிறார்கள். பெரும்பாலும் சிறு வயதில் வீட்டுக்குள்ளேயே தொற்றுவது. சுமக்கும் எல்லாருக்கும் புற்றுநோய் வருவதில்லை, மிகச் சிலருக்கே வரும்.

என்னை உலுக்குவது அந்தக் கிருமியின் இரட்டை வேலை. அதன் வாக்-ஏ புரதம் மைட்டோகாண்ட்ரியாவைத் தாக்கி நல்ல செல்களைச் சாகடிக்கிறது. செத்த இடத்தை நிரப்ப மிச்சமுள்ளவை ஓயாமல் பிரிகின்றன. பிரியப் பிரியப் பிழைகள் சேர்கின்றன. கிருமி ஊசிபோட்டது போல் செல்லுக்குள் செலுத்தும் காக்-ஏ, பி53-ஐச் சாவுப் பக்கம் தள்ளவேண்டிய ஏஎஸ்பிபி2 என்ற புரதத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. சாகவேண்டிய பழுதான செல் பிழைத்துவிடுகிறது. அழற்சி, சுவர் மெலிதல், குடல் போல உருமாறுதல் என்று போய்ப் புற்றாவதற்குள் பத்திருபது ஆண்டுகள் ஓடிவிடும்.

முற்றியபின் கீமோ ஏன் பலருக்குக் கைகொடுப்பதில்லை என்பதற்கும் இங்கே ஒரு விடை இருக்கிறது. மருந்து டிஎன்ஏவை உடைக்கிறது. செல் சாகவேண்டியதுதான் பாக்கி. ஆனால் இரைப்பைப் புற்றுகளில் ஏறத்தாழ பாதியில் பி53-யே கெட்டுப்போயிருக்கிறது. பழுதை உணர்ந்து சாவைத் தொடங்கிவைக்க ஆளில்லை.

ஆகவே அந்தப் பத்திருபது ஆண்டுகளுக்குள் பிடிக்கவேண்டும். சென்னையின் பதிவேட்டில் ஆண்களின் புற்றுநோய்களில் இரைப்பைக்கு நெடுங்காலமாக முன்வரிசை இடம் உண்டு. நமக்குக் கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. லேப்ராஸ்கோப்பி அறுவையில் பேர் வாங்கிய டாக்டர் பழனிவேலுவின் ஜெம் மருத்துவமனையும் ராமநாதபுரத்தில்தான். எடை குறைந்தாலோ, மலம் கறுத்தாலோ, நாலு வாய்க்குள் வயிறு நிறைந்தாலோ, விழுங்கச் சிரமப்பட்டாலோ அடுத்த அட்டை வாங்காதீர்கள், எண்டோஸ்கோப்பிக்குப் போங்கள். இன்னொன்று: மாத்திரையை விழுங்கிக்கொண்டே மூச்சுப் பரிசோதனைக்கோ மலப் பரிசோதனைக்கோ போனால், கிருமி இருந்தும் இல்லையென்று வரலாம். டாக்டரிடம் கேட்டுக்கொண்டு இரண்டு வாரம் முன்பே நிறுத்துங்கள். ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருந்தால் நான்கு வாரம் இடைவெளி வேண்டும்.

அடுத்த வாரம், ஜப்பானில் ஹோன்ஜோவின் ஆய்வகம் 1992-ல் கண்டெடுத்த பிடி-1 புரதம்.

(தொடரும்)