நெறியாளரின் ஒப்புதல்

முனைவர் பட்டம் பாடங்களைப் படித்துத் தேர்வெழுதிப் பெறும் ஏனைய பட்டங்களைப் போன்றதன்று. இதுவரை எவரும் அறியாத ஒன்றைக் கண்டறிந்து, அதனை ஆய்வேடாக எழுதி, அறிஞர்முன் நிலைநாட்ட வேண்டும் என்பதால், ஆய்வை வழிநடத்தும் நெறியாளர் ஒருவரின் ஒப்புதலும் அமர்ந்து ஆராய ஓர் இடமும் கிடைக்காவிடில் எத்தகைய அறிவுடையவரும் அதனைத் தொடங்கவே இயலாது. அறிவியலை ஆராயப் புகுந்த பெண்களைப் பல நாடுகளிலும் தடுத்து நிறுத்தியது இந்த வாசலே.

ரஷ்யக் கணித அறிஞர் சோபியா கோவலெவ்ஸ்கயா, தம் நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பெண்களைச் சேர்க்காத நிலையில், வெளிநாடு செல்வதற்காகவே பெயரளவில் ஒரு திருமணம் செய்துகொண்டார். பெர்லின் பல்கலைக்கழகமும் அனுமதி மறுத்தபோது, அங்கே பேராசிரியராக இருந்த கார்ல் வயர்ஸ்ட்ராஸ் அவருக்குத் தனியே கற்பித்தார். 1874-இல் கோட்டிங்கன் பல்கலைக்கழகம், அவர் நேரில் வராமலே, ஆய்வுரைகளை மதிப்பிட்டுப் பட்டம் வழங்கியது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் 1882-இல் ஆய்வை முடித்த கிறிஸ்டின் லாட்-பிராங்க்ளினுக்கோ 1926-இல், அவருடைய 78-ஆம் வயதில்தான், பட்டம் கைக்கு வந்தது.

வாசலைத் திறந்து வைத்த இடங்களும் இருந்தன. ஆசியப் பெண்களுக்கென்றே மிச்சிகன் பல்கலைக்கழகம் அளித்துவந்த பார்பர் உதவித்தொகையால் அங்கே சென்ற தாவரவியலாளர் ஜானகி அம்மாள், 1931-இல் முனைவராகி, பின்னர் கோயம்புத்தூரில் கரும்பு இனக்கலப்பை ஆராய்ந்தார்.

ஆனால் 1933-இல் பம்பாயில் பட்டம் பெற்று, பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தில் சேர விரும்பிய கமலா சோஹோனியை, அதன் இயக்குநராக இருந்த சி. வி. ராமன், பெண் என்ற காரணத்துக்காகவே மறுத்தார். கமலா விடாது வற்புறுத்தியபின், முதலாண்டில் முறையான மாணவியாகக் கருதப்படமாட்டார், ஆண்களின் கவனத்தைக் கலைக்கக்கூடாது என்னும் நிபந்தனைகளோடு இடம் தரப்பட்டது. ராமனின் அறிவியல் பெருமை இதனால் குறைந்துவிடாது. எனினும், ஓர் ஆண் மாணவரிடம் எவரும் கேட்டிராத உறுதிமொழி அது என்பதை மறைத்துச் சொல்வது அவ்விளம் ஆய்வாளருக்குச் செய்யும் அநீதியாகும். அங்கே ஸ்ரீநிவாசய்யா என்னும் நெறியாளரிடம் பால், பருப்பு ஆகியவற்றின் புரதங்களை ஆராய்ந்த கமலா, கேம்பிரிட்ஜ் சென்று, உயிரணுக்கள் மூச்சுவிடத் துணைபுரியும் சைட்டோகுரோம் சி என்னும் புரதம் தாவரங்களிலும் இருப்பதைக் காட்டி, ஏறத்தாழ 40 பக்க ஆய்வேட்டால் 1939-இல் முனைவரானார். அந்தக் கேம்பிரிட்ஜும் பெண்களைப் பல்கலைக்கழகத்தின் முழு உறுப்பினராக ஏற்றது 1948-இல்தான்.